பயிலரங்கு, ஆள் எண்ணிக்கை, நடைமுறை: முதலில் எதைத் தொடுவது?

இருநூறு பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்ப் உதிரிபாகம், ஓசூரில் வாகன உதிரிபாகம், சென்னையில் மென்பொருள் என்று எதுவாக இருந்தாலும் சரி. எல்லா வகை ஆட்களும் இங்கே வர வேண்டும், வந்தவர்கள் மதிப்போடு இருக்க வேண்டும் என்று நிர்வாகம் உண்மையாகவே விரும்புகிறது. ஆனால் இந்த ஆண்டு அதற்கு ஒதுக்க முடிந்த பணமும் நேரமும் கொஞ்சம்தான். அப்போது மேசைக்கு வரும் யோசனைகள் பெரும்பாலும் மூன்று. வெளியிலிருந்து பயிற்சியாளரை வரவழைத்து எல்லோருக்கும் பயிலரங்கு நடத்தலாம். இத்தனை பெண்கள், இத்தனை மாற்றுத்திறனாளிகள் என்று இலக்கு வைத்து ஆள் எடுக்கலாம். அல்லது இன்டர்வியூ, ஷிஃப்ட், பேருந்து, கழிப்பறை, பதவி உயர்வு என்று அன்றாட நடைமுறைகளைத் திருத்தலாம்.

பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க நிறுவனங்களில் அமைக்கும் உள்ளகக் குழுக்களுக்கு வெளி உறுப்பினராகப் போய் வருகிறேன். மூன்று வழிகளையும் பின்பற்றும் இடங்களைப் பக்கத்திலிருந்து பார்க்க முடிகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடைமுறையிலிருந்து தொடங்குங்கள். மற்ற இரண்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றுக்கான நேரம் வேறு.

பயிலரங்கு

இதை ஏன் எல்லோரும் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது புரிகிறது. ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். யாருடைய அதிகாரமும் குறையாது. ஆனால் செலவு குறைவு என்று நினைப்பது சரியல்ல. இருநூறு பேர் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் 800 மணி நேர வேலை. அந்த 800 மணி நேரத்துக்கு என்ன கிடைக்கிறது?

2018 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடையில், ஒருவரைச் சந்திப்பதற்காகக் காத்திருந்த கறுப்பின இளைஞர்கள் இருவரைப் போலீஸ் கைது செய்தது. அவர்கள் எதுவும் வாங்கவில்லை என்று கடையிலிருந்து போலீஸுக்குப் போன் போயிருந்தது. நாடே கொந்தளித்தது. மே 29 அன்று மதியம் 8,000-க்கும் மேற்பட்ட கடைகளை மூடி, ஊழியர்களுக்கு இனப்பாகுபாடு பற்றிப் பயிற்சி கொடுத்தது அந்த நிறுவனம். செய்திகளில் அதிகம் பேசப்பட்டது அந்தப் பயிற்சிதான். ஆனால் அதே மாதம் இன்னொன்றும் நடந்தது: எதுவும் வாங்காவிட்டாலும் யார் வேண்டுமானாலும் கடையில் உட்காரலாம், கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று விதியை மாற்றினார்கள். வாசலில் நிற்கும் ஒரு கறுப்பின இளைஞனுக்கு இந்த இரண்டில் எது உடனே கைகொடுத்திருக்கும்? விதி மாறிய பிறகு, அவனைப் பார்த்து ‘இவன் உட்காரலாமா’ என்று முடிவு செய்யும் அதிகாரமே ஊழியரிடம் இல்லை. ஊழியரின் மனம் மாறும் வரை அவன் காத்திருக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் அந்த விதியைத் திரும்பப் பெற்றார்கள் என்பது வருத்தமான விஷயம். நல்ல விதியையும் காப்பாற்ற ஆள் வேண்டும்.

பயிலரங்கு பற்றி ஆராய்ச்சியாளர்கள் சொல்வதும் இதையொட்டித்தான் இருக்கிறது. அலெக்ஸாண்ட்ரா காலெவ், ஃபிராங்க் டாபின், எரின் கெல்லி ஆகிய சமூகவியலாளர்கள் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 708 அமெரிக்கத் தனியார் நிறுவனங்களின் 1971 முதல் 2002 வரையிலான விவரங்களை எடுத்து, எந்த முயற்சிக்குப் பிறகு பெண்களும் கறுப்பினத்தவரும் மேலாளர் பதவிகளுக்கு அதிகமாக வந்தார்கள் என்று பார்த்தார்கள். பலனில் கடைசி இடம் மேலாளர்களின் மனச்சாய்வைப் பயிற்சியால் மாற்றும் முயற்சிகளுக்குத்தான். மூத்தவர் ஒருவர் கைபிடித்து வழிகாட்டும் ஏற்பாடுகள் ஓரளவு பயன் தந்தன. இதற்கு இன்னார் பொறுப்பு என்று ஆளைக் குறித்து வைத்த நிறுவனங்களில்தான் மாற்றம் அதிகம். பயிற்சியும்கூட அப்படிப் பொறுப்பாளர் இருந்த இடங்களில் கூடுதல் பலன் தந்தது.

ஒரு வகைப் பயிற்சியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ‘மனதை மாற்றிக்கொள்’ என்று சொல்லாமல், கைக்கு ஒரு திறனைக் கொடுக்கும் பயிற்சி அது. லெமன் ட்ரீ ஓட்டல்களில் காது கேளாத ஊழியர்கள் பலர் வேலை செய்கிறார்கள். உடன் வேலை பார்ப்பவர்களுக்கு அங்கே சைகை மொழி சொல்லித் தருகிறார்கள். அடுத்த நாள் காலையிலேயே அதைப் பயன்படுத்தலாம். இத்தகைய பயிற்சிக்கு எவ்வளவு மணி நேரம் கொடுத்தாலும் தகும்.

எண்ணிக்கை இலக்கு

இதில் எனக்கு மரியாதை உண்டு. எண்ணிப் பார்க்காத நிறுவனம் எதையும் கவனிப்பதில்லை. நார்வே 2003-ல் பெரிய பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒவ்வொரு பாலினத்தவரும் 40 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. முதலில் விருப்பப்படி செய்யட்டும் என்று விட்டபோது நடக்காதது, கட்டாயமாக்கிய பிறகு 2008-க்குள் நடந்துவிட்டது. ‘தகுதியான பெண்கள் கிடைக்கவில்லை’ என்ற சாக்கு அதோடு போயிற்று.

ஆனால் இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு வருகிறவருக்கு இரவுப் பேருந்து தேவையில்லை. இரண்டாம் ஷிஃப்டுக்கு வருகிறவருக்குத் தேவை. உட்கார்ந்ததும் வேலையைத் தொடங்கிவிடக்கூடிய இடங்களுக்கு இலக்கு மட்டும் போதும். வந்துபோவதே போராட்டமாக இருக்கும் இடங்களுக்குப் போதாது.

2017-ல் கொச்சி மெட்ரோ தொடங்கியபோது 23 திருநங்கையர், திருநம்பியருக்கு வேலை கொடுத்தது. இந்தியா முழுக்கப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டிய முடிவுதான். ஆனால் வேலை கிடைத்தவர்களுக்கு ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. லாட்ஜில் தங்கினால் சம்பளம் அதற்கே போய்விடும். சில வாரங்களுக்குள் அவர்களில் சிலர் வேலையை விட்டுவிட்டார்கள். மெட்ரோ நிலையத்துக்குள் எல்லாம் சரியாக இருந்தாலும், ஷிஃப்ட் முடிந்து எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

இதன் மறுபக்கத்தை நம் ஊரிலேயே பார்க்கலாம். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பத்து வருடம் முன்னால் கோட்டாறிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் கிளம்பி வந்த பெண்கள் முதலில் தேடியது பாதுகாப்பாகத் தங்க ஓர் இடம். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் வளாகத்தை அரசு 2024 ஆகஸ்டில் திறந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் ‘தோழி’ விடுதிகளும் அதே தேவையிலிருந்து வந்தவைதான். ஆள் எடுப்பதையும் தங்க வைப்பதையும் ஒன்றாகப் பார்த்தால்தான் எண்ணிக்கை நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் 200 பேரில் 20 பெண்கள் இருக்கிறார்கள், இரண்டு வருடத்தில் 60 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குப் பத்துப் பேர் விலகினால் 40 பேரை எடுத்தால் போதாது, 60 பேரை எடுக்க வேண்டும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அந்தப் பத்துப் பேர் ஏன் போனார்கள் என்று கேட்டால், பதில் உங்களை நேராக மூன்றாவது வழிக்குத்தான் கொண்டுபோகும்.

நடைமுறை

இன்டர்வியூ அறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

சுக்தேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. செய்தித்தாளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு இன்டர்வியூ அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே காலத்தில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் பேசிப் பார்த்தார்கள். நாங்கள் திறமையை மட்டும்தான் பார்க்கிறோம் என்று சொன்ன அதே மேலாளர்கள், ‘குடும்பப் பின்னணி’ கேட்பது முக்கியம் என்றும் சொன்னார்கள்.

தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை. அதனால் இங்கே அந்தக் கேள்வி வேறு மாதிரி வரும். “தம்பிக்கு எந்த ஊரு?” என்று சாதாரணமாகத் தொடங்கும். ஊரைச் சொன்னால், “ஊருக்குள்ளயா, கொஞ்சம் தள்ளியா?” என்று வரும். அப்புறம் “அப்பா என்ன பண்றார்?”, “குலதெய்வம் எது?” கேட்கிறவர் அன்பாகத்தான் கேட்பார். சிரித்துக்கொண்டே கேட்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் பையனுக்கு மட்டும் உள்ளங்கை வியர்க்கும். தான் படித்ததும் செய்ததும் இனிமேல் எண்ணப்படாது என்று அவனுக்குத் தெரியும்.

இதைப் பயிலரங்கு வைத்துத் திருத்த முயல்வதைவிட, ஒரு தாளை வைத்துத் திருத்துவது எளிது. வேலைக்குத் தேவையான ஐந்து கேள்விகளை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வருகிற எல்லோரிடமும் அதே ஐந்து, அதே வரிசையில். டிசைன் பிரிவுக்கு ஆள் எடுத்தால் ஒரு ட்ராயிங்கைக் கையில் கொடுத்து, “இதில் எந்த அளவு விட்டுப்போயிருக்கிறது?” என்று கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் உடனே மதிப்பெண். அறையில் இருக்கும் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் பேசுவதற்கு முன்பே தனித்தனியாகத் தாளில் எழுதிவிட வேண்டும். பெரியவர் முதலில் வாயைத் திறந்தால் மற்ற இருவரும் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ஊர், குடும்பம், கல்யாணம், குழந்தை பற்றிய கேள்விகள் அறவே கிடையாது. முகவரி தேவையென்றால் வேலை உறுதியான பிறகு வாங்கிக்கொள்ளலாம். இப்படிக் கட்டமைத்த இன்டர்வியூ, சும்மா பேசிப் பார்க்கும் இன்டர்வியூவைவிட நல்ல ஆளைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது என்பது வேலைத்தேர்வு ஆய்வுகளில் பல பத்தாண்டுகளாக நிற்கும் முடிவு. நியாயத்துக்காகச் செய்வது தொழிலுக்கும் நல்லதாகவே முடிகிறது.

ஆள் வரும் வழியையும் பார்க்க வேண்டும். “நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்” என்று வரும் சிபாரிசில் பாதி இடங்கள் நிரம்பினால், இருக்கிறவர்களைப் போன்றவர்களே திரும்பத் திரும்ப வருவார்கள். சிபாரிசை ஒழிக்கச் சொல்லவில்லை, சிறு நிறுவனங்களுக்கு அது பெரிய உதவி. வெளியே விளம்பரம் செய்யாமல் எந்த இடத்தையும் நிரப்பக் கூடாது, சிபாரிசில் வந்தவருக்கும் அதே ஐந்து கேள்விதான் என்று வைத்தால் போதும்.

வேலைக்கு வந்த பிறகு? ஷிஃப்ட் 10 மணிக்கு முடிகிறது. நிறுவனப் பேருந்து மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. அங்கிருந்து ஊருக்குள் போகும் இருட்டுச் சாலையில் நடக்க அண்ணனோ அப்பாவோ தினமும் வந்து காத்திருக்க வேண்டும். ஒரு மாதம் வருவார்கள். இரண்டாவது மாதம் “வேலையை விட்டுடும்மா” என்பார்கள். விலகல் கடிதத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று இருக்கும். ஓட்டுநருக்குக் கொடுக்கும் தடப் பட்டியலில் கடைசி இரண்டு கிலோமீட்டரைச் சேர்த்தால் தீர்கிற விஷயம் அது. 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம், தொழிற்சாலைச் சட்டத்தில் பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடையைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் வழிவிட்டு இத்தனை வருடம் ஆன பிறகும் அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டர் பல இடங்களில் வழிவிடவில்லை.

உட்காருவது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்த பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். கேரளம் 2018-ல் முதலில் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்றது. கர்ப்பிணி, மூட்டு வலிக்காரர், வயதானவர், காலில் குறையுள்ளவர் என்று எத்தனை பேரை அந்த ஒரு நாற்காலி வேலையில் தக்கவைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோவை, திருப்பூர் பக்கம் இன்னொன்றையும் சேர்த்தே ஆக வேண்டும். பீகார், ஒடிசா, ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள் இல்லாமல் பல பட்டறைகள் ஓடாது. ஆனால் பிரஸ் மெஷினில் ‘கையை உள்ளே விடாதீர்’ என்ற பலகை தமிழில் மட்டும் தொங்கும். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் “ஏ இந்திக்காரா” என்று கூப்பிடும் சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். பலகையை மூன்று மொழியில் எழுத ஒரு வாரம் போதும். பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு உத்தரவு போதும், அதை மேலே இருப்பவர் தானும் கடைப்பிடித்தால்.

பதவி உயர்வு இன்டர்வியூவைவிடச் சிக்கலானது. ‘ஏழு மணிக்கு மேலும் இருக்கிறவன்தான் உழைப்பாளி’ என்ற எண்ணம் எங்கும் எழுதப்படாமலே ஆட்சி செய்கிறது. முக்கியமான பேச்செல்லாம் ஆறரை மணி டீயில் நடந்தால், குழந்தையைக் கூப்பிடப் போகிறவர் எப்போதும் வெளியே. மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்று 2017 திருத்தம் கொண்டுவந்தது. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்றது. விடுப்பு கொடுக்கிறார்கள். ஆனால் திரும்பி வந்தவருக்கு அந்த வருட அப்ரைசலில் ‘சராசரி’ என்று போட்டுவிடுகிறார்கள், ‘ஆறு மாசம் இல்லையே’ என்று. வேலை பார்த்த மாதங்களை மட்டும் வைத்து மதிப்பிட வேண்டும், விடுப்புக்கு முந்தைய மதிப்பீட்டுக்குக் கீழே இறக்கினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு வரியை அப்ரைசல் விதியில் சேர்த்தால் போதும்.

யார் பொறுப்பு

நடைமுறை மாற்றத்தின் பலவீனம் எனக்குத் தெரியும். எழுதி ஃபைலில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனம் இதற்கென ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். கொள்கை பல இடங்களில் இருக்கிறது. அலுவலர் யார் என்று கேட்டால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

அதனால் பொறுப்பை எச்ஆரில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுக்காதீர்கள். அவரால் தொழிற்சாலைத் தலைவரிடம் “ஏன் இன்னும் தாளில் மதிப்பெண் போடவில்லை?” என்று கேட்க முடியாது. உற்பத்திக்குப் பதில் சொல்கிறவர் யாரோ அவரிடமே கொடுங்கள். அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் உற்பத்தி, தரத்தோடு இதுவும் ஒரு வரியாக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாலே விவரம் போதும்: யார் விண்ணப்பித்தார்கள், யாரை எடுத்தோம், யாருக்குப் பதவி உயர்வு, யார் விலகினார்கள்.

எப்போது வரிசை மாறும்

ஒரு பிரிவில் ஒரு பெண்கூட இல்லையென்றால், நடைமுறையைத் திருத்திவிட்டு ஆள் எடுக்கலாம் என்று காத்திருப்பது சரியாக வராது. யாருமே இல்லாத இடத்தில் கழிப்பறை எங்கே வேண்டும், எந்த ஷிஃப்டில் என்ன தொல்லை என்று சொல்ல ஆள் இருக்காது. அங்கே எண்ணிக்கையிலிருந்தே தொடங்குங்கள். ஆனால் ஒருவரை மட்டும் எடுக்காதீர்கள். தனியாக வருகிறவர் எல்லோருக்கும் காட்சிப்பொருளாகிவிடுவார், எல்லாக் குழுவிலும் அவர் பெயரே இருக்கும். ஐந்தாறு பேரை ஒன்றாக எடுத்து, ஒரே ஷிஃப்டில் இரண்டு பேராவது இருக்கும்படி போடுங்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி உள்ளகக் குழு இல்லையென்றால், வேறு எதையும் தொடுவதற்கு முன் அதை அமையுங்கள். மூத்த பெண் ஊழியர் தலைவர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். விழிப்புணர்வுப் பயிலரங்கு அந்தச் சட்டத்தின் கீழ் நிர்வாகத்தின் கடமையும்கூட. இங்கே பயிலரங்குக்கு நான் முழு ஆதரவு. மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், குழு உறுப்பினர்கள் இவர்கள்தான் என்பதெல்லாம் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கேன்டீன் சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் உட்கார வைத்து, அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும்.

சாதி பற்றி நேரடியான மோதல் ஏற்கெனவே வெடித்திருந்தால், விதியை மாற்றி மட்டும் சமாளிக்க முடியாது. சாப்பிடும் இடத்தில் யார் யாரோடு உட்கார்வதில்லை, யார் டம்ளரை யார் தொடுவதில்லை என்பதைப் பேசியாக வேண்டும். அதை வெளிப் பயிற்சியாளரிடம் ஒப்படைத்துவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. இங்கே இது நடக்காது, நடந்தால் வேலை போகும் என்று முதலாளியே நின்று சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டுப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால் என் பதில் இது. முதல் மூன்று மாதம் இன்டர்வியூ தாள், அப்ரைசல் விதி, மூன்று மொழி எச்சரிக்கைப் பலகை. இவற்றுக்குக் கிட்டத்தட்டச் செலவே இல்லை. பெரும் பகுதிப் பணம் பேருந்துக்கும் கழிப்பறைக்கும் சாய்தளத்துக்கும் இருக்கைக்கும். ஆறாவது மாதத்திலிருந்து இலக்கு வைத்து ஆள் எடுங்கள். விலகுகிறவர்களிடம் அவர்களுடைய சூப்பர்வைசர் அல்லாத ஒருவர் உட்கார்ந்து, கடைசிச் சம்பளம் கைக்கு வந்த பிறகு, காரணம் கேட்கட்டும். சம்பளம் பாக்கி இருக்கும்போது யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.